மூன்றாம் பிழைக்கு ஆதாரம்

றுமானா எழுதிய நாவலில் இராகுலன் மூன்று பெரும் பிழைகள் கண்டான். குழுவின் விதிப்படி பெரும் பிழை மூன்று உள்ள புத்தகம் பள்ளிக்கூட நூலகங்களுக்குப் போகாது. இரண்டென்றால் திருத்தத் துண்டு ஒட்டி அனுப்பலாம். மூன்றென்றால் எழுதினவர் வீட்டுக்கே திரும்பிவிடும். அவன் அறிக்கையை எழுதி உறையில் போட்டு, பள்ளிக்கூடம் போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போனான். அதற்குப் பிறகு அதைப் பற்றி நினைக்கவில்லை. லோஜனா போன பிறகு அவன் எதைப் பற்றியும் பெரிதாக நினைப்பதில்லை.

லோஜனா அவனுடைய மனைவி. போன மாரியில் டெங்குக் காய்ச்சல் வந்து ஒரு கிழமைக்குள் போய்விட்டாள். பிள்ளைகள் இல்லை. அவன் திருகோணமலை லிங்கநகரில் அதே வாடகை வீட்டில் இருந்தான். காலையில் பாண் வாங்கினான், பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பித்தான், பின்னேரம் வந்து கதவைத் திறந்தான். முப்பத்திரண்டு வயது. இன்னொரு கலியாணத்தைப் பற்றிச் சிலர் கதை தொடங்கினார்கள். அவன் கோபிக்கவுமில்லை, ஒத்துக்கொள்ளவுமில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவர்களே அலுத்து எழுந்து போனார்கள்.

புத்தக வேலையை அவனுக்குக் கொடுத்தவர் ஆதம்பாவா. கிண்ணியாவில் அதிபராக இருந்து ஓய்வு பெற்றவர். மாகாணத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் புத்தகம் தெரிவு செய்கிற குழு ஒன்றுக்கு அவர்தான் அமைப்பாளர். ஊர் வரலாறுகளையும் சரித்திர நாவல்களையும் வாசித்து, உள்ளே இருப்பது நடந்ததா, நடந்திருக்கக் கூடியதா என்று சொல்ல ஒரு ஆள் தேவைப்பட்டது. வீட்டில் சும்மா இருந்து சுவரைப் பார்க்கிறதுக்கு இது பரவாயில்லைத் தம்பி என்று சொல்லிப் புத்தகக் கட்டை அவன் கையில் வைத்தார். யாரோ நீட்டிய தேத்தண்ணியை வாங்குகிற மாதிரி அவன் வாங்கிக்கொண்டான்.

அவனுக்கு அந்த வேலை நன்றாக வந்தது. சோழர் காலத்துப் படைவீரன் ஒருவன் ஒரு நாவலில் பாசறையில் இருந்து மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தின்றான். அந்தக் கிழங்கு அப்போது கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. ஒல்லாந்தர் காலத்துக் காதலன் ஒருவன் சீனன்குடாவில் ரயிலேறினான். பக்கத்துப் பக்கத்துக் கோயில்கள் இரண்டு கும்பாபிசேக மலர் போட்டிருந்தன. ஒவ்வொன்றும் தான் மற்றதைவிட இருநூறு வருசம் பழையது என்று நிறுவியிருந்தது. அவன் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே போனான். பிழைகள் நல்லவை. வைத்த இடத்தில் இருக்கும். திருத்தினால் திருந்தும்.

அவன் வருவதற்கு முன் அந்தக் குழுவில் பழைய கோபங்களும் தீர்க்கப்பட்டு வந்தன. தன்னுடைய ஊரைப் பிந்தி வந்து குடியேறிய ஊர் என்று எழுதிய ஒரு நல்ல புத்தகத்தை, பிழை மலிந்தது என்று ஒருவர் திருப்பி அனுப்பியிருந்தார். அதனால் இராகுலன் முதல் கூட்டத்திலேயே ஒரு விதி கொண்டுவந்தான். பெரும் பிழை என்று எழுதினால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு ஆதாரம் காட்டவேண்டும். ஒன்று போதாது. எழுதினவர் விரும்பினால் நேரில் வந்து விளக்கம் கேட்கலாம். எல்லாரும் கையை உயர்த்தினார்கள்.

லோஜனா இருந்திருந்தால் சிரித்திருப்பாள். அவள் நாவல் வாசிக்கிற ஆள். கட்டிலில் குப்புறக் கிடந்து வாசிப்பாள். அவன் எட்டிப் பார்த்து, இந்த வருசத்தில் இந்தக் கோட்டையே கட்டவில்லை என்பான். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கட்டினபிறகு எனக்குச் சொல்லுங்கோ, இப்ப அங்காலே போங்கோ என்பாள்.

றுமானா மூதூரில் விஞ்ஞானம் படிப்பிக்கிற ஆசிரியை. இது அவளுடைய முதல் நாவல். யப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு பற்றியது. கப்பற்பட்டறையில் கூலி வேலை செய்யும் தம்பையா என்ற மனிதன்தான் கதை. குண்டு விழுந்த நாளில் அவன் மனைவி செத்துப்போகிறாள்.

முதலாவது பிழை நாள். குண்டு விழுந்தது ஈஸ்டர் ஞாயிறு என்று எழுதியிருந்தாள். ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு விழுந்தது கொழும்பில். இங்கே விழுந்தது அதற்கு அடுத்த வியாழக்கிழமை. இரண்டாவது பிழை கப்பல். விமானந்தாங்கிக் கப்பல் ஹேர்மிஸ் துறைமுகத்துக்குள் எரிந்து தாழ்வதை மூதூர்க் கரையில் நின்று பெண்கள் பார்க்கிறார்கள். அந்தக் கப்பல் முதல்நாள் இரவே வெளியேறி, மட்டக்களப்புக்கு அப்பால் கடலில் தாழ்ந்தது. இரண்டுக்கும் இரண்டிரண்டு ஆதாரம், பக்க எண்ணோடு எழுதினான்.

மூன்றாவது, செத்தவீடு. மனைவியின் உடலைக் கண்டதும் தம்பையா ஓலமிட்டுக் குழறுகிறான். சுற்றி நின்ற ஆண்கள் பாய்ந்து பிடித்து அவன் வாயைப் பொத்துகிறார்கள். சத்தம் போடாதே என்று சொல்லிக் கொல்லைப்பக்கம் இழுத்துக்கொண்டு போகிறார்கள். அந்தப் பக்கத்தின் ஓரத்தில் இராகுலன் எழுதினான்: தமிழரின் செத்தவீட்டில் பெண்சாதியைப் பறிகொடுத்தவனின் வாயை யாரும் பொத்தமாட்டார்கள். அவன் எப்போது அழுவான் என்றுதான் காத்துநிற்பார்கள். வழக்கம் அறியாத பெரும் பிழை. ஆதாரம் எழுதும் இடத்தை வெறுமையாக விட்டிருந்தான். அப்படி விட்டதை அவன் கவனிக்கவில்லை.

ஆதம்பாவா கவனித்தார். இரண்டொரு நாளில் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்க போட்ட விதியை நீங்களே மறந்தா எப்படித் தம்பி என்று கேட்டார். அந்தப் புள்ளையும் விளக்கம் கேட்டிருக்கிறா, சனிக்கிழமை வாங்க என்றார்.

குழுவின் அறை உள்துறைமுக வீதிப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. கேற்றடியில் ஊருக்குள் திரிகிற மான்கள் இரண்டு படுத்திருந்து அசைபோட்டன. அவை எழும்பாததால் இராகுலன் மோட்டார் சைக்கிளை வெளியே விட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு ஏறிப்போனான். றுமானா முன்னமே வந்திருந்தாள். அவனைவிட இரண்டு மூன்று வயது கூட இருக்கும். மடியில் அவளுடைய புத்தகம். பக்கங்களுக்கு இடையில் பஸ் டிக்கெட்டுகளைக் கிழித்து அடையாளம் வைத்திருந்தாள்.

ஆதம்பாவா கதிரையை இழுத்துப் போட்டு, சண்டை பிடிக்கிறதெண்டா தேத்தண்ணி குடிச்சிட்டுப் புடிங்க என்றார். அவள் சண்டை பிடிக்கவில்லை. கப்பல் பிழையை உடனே ஒத்துக்கொண்டாள். கப்பல் எங்கே தாழ்ந்தது என்று தனக்குத் தெரியும் என்றும், மூதூர்ப் பெண்கள் ஏதாவது ஒன்றைக் கண்ணால் காணவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தான் கரைக்குக் கொண்டுவந்ததாகவும் சொன்னாள். அவ்வளவு பெரிய கப்பலை அவ்வளவு தூரம் இழுத்தது நீங்கள் ஒரு ஆள்தான் என்றார் ஆதம்பாவா. அவளும் சிரித்துவிட்டாள்.

நாளைப் பற்றிக் கேட்டபோது சிரிப்பு நின்றது. திகதியைச் சரியாகத்தான் தேடி எடுத்து வைத்திருந்தாளாம். எழுதும்போது கை தானாக ஈஸ்டர் என்று எழுதியிருக்கிறது. மூன்று முறை படித்துத் திருத்தியும் கண்ணில் படவில்லை.

"சேர்ச்சுகள்ல குண்டு வெடிச்ச அந்த ஈஸ்டருக்குப் பிறகு எங்கட ஆக்களுக்கு ஈஸ்டர் எண்டா குண்டு, குண்டு எண்டா ஈஸ்டர். மண்டைக்குள்ள அப்படி ஒட்டிப்போய்ச்சு சேர்" என்றாள். "நோன்புக்குச் சாமான் வாங்கப் போனாலும் பேக்கைத் திறந்து காட்டச் சொன்ன காலம் அது. பிழைதான். திருத்துறன்."

ஆதம்பாவா மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இராகுலன் முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நேரே சரி போட்டான்.

அவள் மூன்றாவது டிக்கெட் வைத்த பக்கத்தைத் திறந்தாள். இது எப்படிப் பிழை என்று கேட்டாள். இராகுலன் வகுப்பில் சொல்வதுபோல் சொன்னான். தமிழரின் செத்தவீட்டில் அழுகைக்குத் தடை இல்லை. பெண்கள் ஒப்பாரி சொல்லி மற்றவரையும் அழவைப்பார்கள். அழாதவனைத்தான் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். வாயைப் பொத்துவது, சத்தம் போடாதே என்பது, இவையெல்லாம் முஸ்லிம்களின் மையித்து வீட்டில் நடக்கும். எழுதினவர் தன் வீட்டு வழக்கத்தை அடுத்த வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

"வழக்கம் விளங்குது. ஆதாரம்?" என்றார் ஆதம்பாவா.

புத்தகம் ஏதாவது சொல்லலாம். தேடினால் கிடைத்திருக்கும். ஆனால் அந்தப் பக்கத்தில் கோடு போட்டபோது எந்தப் புத்தகமும் அவனுக்கு ஞாபகம் வந்ததில்லை. வராததை வந்தது என்று சொல்ல அவனுக்கு ஏலாது.

"நான்தான் ஆதாரம்" என்றான். "என்ட மனுசியின்ட செத்தவீட்டில நான் அழயில்லை. எல்லாரும் காத்துக்கொண்டு நிண்டவை. பெரியம்மா ஒராள் என்ட தோளைப் பிடிச்சு உலுக்கினவ, அழு தம்பி, அழு எண்டு. எனக்கு வரயில்லை. அயல் வீட்டில இருந்து சோறு கொண்டுவந்தவை. நான் சாப்பிட்டனான். இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டனான். அதையும் பாத்துக்கொண்டு நிண்டவை. ஒருத்தரும் வாயைப் பொத்த வரயில்லை."

வானிலை அறிக்கை வாசிப்பது போலத்தான் சொன்னான். சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடித்தான். ஆறிப்போயிருந்தது.

பிறகு றுமானா, தன்னிடமும் ஒரு ஆதாரம் இருக்கிறது என்றாள். அதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நேரம் எடுத்தது. இரண்டாயிரத்து ஆறில் சண்டை மூண்டு மூதூர்ச் சனம் முழுதும் ஊரை விட்டு வெளிக்கிட்டு நடந்தபோது அவளுக்குப் பதினாறு வயது. உம்மாவுக்கு முன்னமே முட்டு வருத்தம். கந்தளாய்க்குப் போகிற வழியில் ஒரு மரத்தடியில் மூச்சு நின்று உம்மா மௌத்தானாள். வாப்பாவின் பேர் ஸெய்னுதீன். யாரோடும் உரத்துக் கதைக்காத மனிதர். அந்த மரத்தடியில் அவர் குழறினார். மண்ணில் விழுந்து உருண்டார். மையித்துக்குப் பக்கத்தில் இப்படி ஓலம் போடப்படாது என்று ஆண்கள் நாலைந்து பேர் பிடித்து, வாயைப் பொத்தி, அப்பால் இழுத்துக்கொண்டு போனார்கள். அவருடைய செருப்பு ஒன்று கழன்று விழுந்தது. அவள் அதை எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"அதுக்குப் பிறகு வாப்பா அந்த நாளப் பத்திக் கதைச்சதே இல்ல. பள்ளிவாசல்ல இப்பவும் ஒண்டு ரெண்டு பேர் சொல்லிச் சிரிக்கிற, சின்னப்புள்ள மாதிரி உருண்ட ஆள் எண்டு. நான் அதை எழுதாம இரிக்க ஏலாது. வாப்பாவா எழுதவும் ஏலாது. அதான் தம்பையாவாக்கினன்."

ஆதம்பாவா வழி ஒன்று சொன்னார். தம்பையாவை முஸ்லிமாக்கிவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு பிழையும் இல்லை. அடுத்த பதிப்பில் அப்படி மாற்றுகிறேன் என்று ஒரு வரி எழுதித் தந்தால் போதும், மூன்றாவதை எடுத்துவிடலாம். அவள் ஏலாது என்று தலையை ஆட்டினாள். ஊரில் வாசிக்கிற முதல் ஆளே கண்டுபிடித்துவிடும் என்றாள். வாப்பா இப்போதும் ஐந்து வேளையும் அதே பள்ளிக்கு நடந்து போகிறார்.

"புத்தகம் திரும்பி வரட்டும் சேர். பரவால்ல" என்றாள். ஆனால் குரல் பரவாயில்லை என்று சொல்லவில்லை. "எங்கட புள்ளைகள் ஒவ்வொரு நாளும் இந்தத் துறைமுகத்தைப் பாத்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போகுதுகள். இதுக்குள்ள என்ன நடந்த எண்டு ஒரு பக்கம் படிச்சதில்ல. அந்த ஒரு பக்கத்துக்காகத்தான் நாலு வருசம் இருந்து எழுதின."

ஆதம்பாவா இராகுலனைப் பார்த்தார். விதிப்படி இப்போது இருப்பது ஒரே ஒரு ஆதாரம், அதுவும் நீதிபதியே சாட்சி, இதை விட்டுவிடலாமே என்றார். விட்டால் இரண்டு பிழைதான், புத்தகம் போய்விடும்.

விட்டிருக்கலாம். புத்தகம் போனாலும் வந்தாலும் அவனுக்கு ஒன்றுதான். ஆனால் விட முடியவில்லை. அவன் படித்ததெல்லாம் யாரோ பார்த்து, யாரோ எழுதி, யாரோ நம்பியது. தன் கண்ணால் பார்த்து நிச்சயமாகத் தெரிந்த வரலாறு என்று அவனிடம் இருந்தது அந்த ஒரு நாள்தான். அவன் அழவில்லை. யாரும் தடுக்கவில்லை. அது பிழையென்றால் மற்றதெல்லாம் என்ன?

"இரண்டாவது ஆதாரம் கொண்டுவாறன்" என்றான்.

"அழாததுக்குச் சாட்சி தேடிப்போற முதல் ஆள் நீங்களாத்தான் இருக்கும் சேர்" என்றாள் றுமானா. குத்தலாகத்தான் சொன்னாள். சொன்னபிறகு முகம் மாறிப் புத்தகத்தை மூடினாள்.

அடுத்தநாள் காலையில் அவன் சல்லிக்குப் போனான். லோஜனாவின் ஊர் அது. செத்தவீடும் அங்கேதான் நடந்தது. சாம்பல்தீவுச் சந்தியில் திரும்பி, களப்பை ஒட்டிப் போகிற வீதியில் மோட்டார் சைக்கிளை மெதுவாக ஓட்டினான். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குப் பிறகு அவன் அந்தப் பக்கம் வரவில்லை. மாமி இரண்டு மூன்று முறை தொலைபேசி எடுத்தாள். அவன் வேலை என்றான். பிறகு அவளும் எடுப்பதை விட்டுவிட்டாள். பெற்ற மகளின் பிணத்துக்கு முன்னால் கல்லாக நின்றவனை எந்தத் தாய்க்குப் பார்க்கப் பிடிக்கும் என்று அவன் தனக்குள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தான்.

அவனுக்கு அவள் வேண்டியிருந்தது சாட்சியாக மட்டும். செத்தவீட்டில் முதலிலிருந்து கடைசிவரை நின்ற ஆள். மறைக்கிற குணமும் இல்லை. இப்படிச் சாட்சி கிடைப்பது அருமை.

மாமியின் பேர் சிவபாக்கியம். முற்றத்து வேப்பமர நிழலில் பலகையில் இருந்து சூடைமீன் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைக் கண்டதும் எழும்பப் பார்த்தாள். அவன் இருங்கோ என்றான். அவள் சீலையைச் சரிசெய்துகொண்டு, வாங்கோ தம்பி என்றாள். மெலிந்துபோனீங்கள் என்று சொல்லவில்லை. ஏன் இவ்வளவு நாளும் வரவில்லை என்றும் கேட்கவில்லை. மாமா கோயிலடிக்குப் போய்விட்டார் என்று மட்டும் சொன்னாள். மருமகனோடு அவள் எப்போதும் அளந்துதான் கதைப்பாள்.

அவன் கதிரையை நிழலுக்கு இழுத்துப்போட்டு இருந்தான். வந்த விசயத்தைச் சொன்னான். ஒரு புத்தகம், அதில் ஒரு செத்தவீடு, புருசன் அழுகிற ஒரு பக்கம். அது நடக்கக் கூடியதா இல்லையா என்று தான் எழுதவேண்டும். அதற்கு ஒரு சாட்சி தேவை. இவ்வளவையும் மீன்களைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தான். பிறகு கேட்டான்.

"லோஜனாட செத்தவீட்டில நான் அழயில்லைத்தானே மாமி?"

அவள் கை மீனில் நின்றது.

"ஆர் சொன்னது அப்பிடி?"

"எனக்குத் தெரியும்தானே. எல்லாருக்கும் தெரியும்."

"முத்தத்தில அழயில்லை" என்றாள். அவனை நிமிர்ந்து பார்த்தாள். "உங்களுக்கு உண்மையா ஞாபகமில்லையோ?"

அவன் இல்லை என்று தலையாட்டினான். எது ஞாபகமில்லை என்றே அவனுக்குத் தெரியவில்லை.

அவள் சொன்னாள். பெட்டியை எடுப்பதற்கு முன் அவனை முழுகிவிட்டு வரச் சொன்னார்கள். பின்னால் கிணற்றடிக்குப் போனான். நேரமாகியும் காணவில்லை. ஆண்கள் எல்லாரும் முன்னால் பந்தலில், பாடையோடு நின்றார்கள். அவள்தான் பார்க்கப் போனாள். அவன் கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான். தண்ணீர் அள்ளவில்லை. அவளைக் கண்டதும் வாயைத் திறந்தான்.

"மாடு கத்தின மாதிரி இருந்தது தம்பி. நான் பிள்ளை பெத்தவள், எத்தினை செத்தவீடு கண்டவள். அப்பிடி ஒரு சத்தம் கேட்டதில்லை. உள்ளுக்கு மாமா கிடந்தவர். நெஞ்சு வருத்தத்துக்குக் குளிசை குடுத்து அப்பதான் கண்ணயர்ந்தவர். எழும்பினால் அவரையும் சேத்துத்தான் எடுக்கவேணும் எண்டு தாதி சொல்லிப்போட்டுப் போனவ. நான் என்ன செய்ய? ஓடிவந்து உங்கட வாயைப் பொத்தினனான்."

அவன் மீன்களிலிருந்து கண்ணை எடுத்து அவள் கையைப் பார்த்தான்.

"மருமகனைத் தொடுறதோ எண்டு நான் அப்ப யோசிக்கயில்லை. நீங்கள் விடயில்லை. கையைக் கடிச்சுப்போட்டீங்கள். நான் எடுக்கயில்லை. சத்தம் நிக்குமட்டும் பொத்திக்கொண்டே நிண்டனான். பிறகு நானே தண்ணி அள்ளி ஊத்தினனான்."

வாளித் தண்ணீரில் கையைக் கழுவி, சீலையில் துடைத்து, அவனுக்கு முன்னால் நீட்டினாள். வலது கையில், பெருவிரலுக்குக் கீழே இருந்த சதையில், வளைவாகச் சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். இராகுலன் குனிந்து பார்த்தான். பழைய காசு ஒன்றையோ உடைந்த ஓடு ஒன்றையோ பார்க்கிற மாதிரித்தான் பார்த்தான். அவனுடைய மேல்வரிசையில் ஒரு பல் பின்தள்ளி இருக்கும். தழும்பு வரிசையிலும் அந்த இடம் வெறுமையாக இருந்தது.

"ஆருக்கும் சொல்லயில்லையோ மாமி?"

"என்னெண்டு சொல்லுறது? மகள் செத்த வீட்டில மாமி மருமகன்ட வாயைப் பொத்தினாள் எண்டோ?" அவள் கையை மடக்கிக்கொண்டாள். "நீங்கள் அந்தக் கோவத்திலதான் இஞ்சால் பக்கம் வாறயில்லை எண்டு இருந்தனான். அழக்கூட விடாத வீடு எண்டு நினைச்சிருப்பீங்கள் எண்டு. உங்களை அழவிட்டிருக்கவேணும். அந்த ஒரு யோசினைதான் எனக்கு ஒவ்வொரு நாளும்."

அவன் தான் கோபிக்கவில்லை என்றான். தனக்கு ஞாபகமே இல்லை என்றான். அவள் நம்பினாளோ தெரியவில்லை.

அவன் எழும்பி வீட்டுக்குப் பின்னால் போனான். கிணறு வலை போட்டு மூடியிருந்தது. இப்போது குழாய் வந்துவிட்டது. கிணற்றுக்கட்டில் ஓரிடத்தில் சீமெந்து பெயர்ந்திருந்தது. அவன் அங்கே கை வைத்தான். குந்தியிருந்தால் கை எங்கே வரும் என்று பார்ப்பதற்காகக் குந்தியும் பார்த்தான். வெயில் ஏறியிருந்தது. காகம் ஒன்று மீன் நாற்றத்துக்கு வந்து மதிலில் இருந்தது. அவன் காத்திருந்தான். ஒன்றும் வரவில்லை. சத்தமும் இல்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை, வாயில் கை இருந்ததும் இல்லை. அந்த நாளில் முற்றமும் சோறும்தான் அவன் ஞாபகத்தில் இருந்தன.

சட்டைப் பையிலிருந்து தொலைபேசியை எடுத்து அங்கே நின்றே ஆதம்பாவாவைக் கூப்பிட்டான். ஞாயிற்றுக்கிழமை தொந்தரவு செய்கிறேன் என்றான். மூன்றாவது பிழையை எடுத்துவிடச் சொன்னான். நாளுக்கும் கப்பலுக்கும் திருத்தத் துண்டு ஒட்டினால் போதும், புத்தகம் போகலாம். தம்பையாவைத் தம்பையாவாகவே விடலாம்.

"அப்ப இரண்டாவது ஆதாரம் கிடைக்கல்லியா?" என்று கேட்டார் ஆதம்பாவா.

"கிடைச்சது சேர். புத்தகத்துக்குச் சார்பாக் கிடைச்சது. வாய் பொத்தினது நடந்திருக்கு, தமிழ் வீட்டில. பொத்தின ஆளே சொன்னவ."

"நம்பலாமா?"

"தடயம் இருக்கு. பாத்தனான்."

ஆதம்பாவா கொஞ்சம் யோசித்தார். அறிக்கையில் ஏற்கெனவே ஒரு சாட்சி மாறாக இருக்கிறதே, நீங்கள் அன்றைக்குச் சொன்னது, அதை என்ன செய்வது என்று கேட்டார். இரண்டையும் எழுதி வைக்கவா?

இராகுலன் கிணற்றுக்கட்டிலிருந்து கையை எடுத்தான். உள்ளங்கையில் சீமெந்துத் தூள் ஒட்டியிருந்தது.

"அந்தச் சாட்சி அங்க இருக்கயில்லை சேர்" என்றான். "வெட்டிவிடுங்கோ."

அவர் சரி தம்பி என்றார். றுமானாவுக்குத் தானே சொல்கிறேன் என்று சொல்லி வைத்தார்.

முன்னால் வந்தபோது மாமி மீன் சட்டியை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்க்கொண்டிருந்தாள். வாசலில் நின்று திரும்பி, இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேணும் என்றாள். கேட்கவில்லை, சொன்னாள். அவனுக்குப் பசி இருந்ததா இல்லையா என்று தெரியவில்லை. கதிரையில் இருந்தான்.